காசு கொடுத்தும் திக்கித் திணறும் கேம்: ஜப்பான் ஆக்‌ஷன் கேம்கள் பிசியில் ஏன் சொதப்புகின்றன?

2025 பிப்ரவரி 28 அன்று ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 'மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ்' கேமை வெளியிட்டது. முதல் வார இறுதியிலேயே ஸ்டீம் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விளையாடினார்கள். ஒரே மாதத்தில் 1 கோடி பிரதிகள் விற்றன. கேப்காம் வரலாற்றிலேயே இவ்வளவு வேகமாக எந்த கேமும் விற்றதில்லை.

ஆனால், அதே ஸ்டீமின் விமர்சனப் பகுதியைத் திறந்தால் வேறு கதை. வெளியான அன்றே 'கலவையான' மதிப்பீடு. சில மாதங்களில் அது ஸ்டீமின் மிக மோசமான எதிர்மறைத் தரநிலை வரைக்கும் சரிந்தது. கதை, ராட்சத விலங்குகள், சண்டை பற்றியெல்லாம் அதிகக் குறை இல்லை. பலருடைய புகார் ஒன்றுதான்: 'நல்ல பிசி வச்சிருக்கேன், ஆனாலும் கேம் ஓட மாட்டேங்குது.' 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் விற்பனை 5 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. இந்தச் சரிவுக்கு பிசி பிரச்னை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், அது முக்கியமான காரணம் இல்லை என்று சொல்வதும் கஷ்டம்.

ஜப்பான் ஆக்‌ஷன் கேம்களும் பிசியும் என்றாலே ரசிகர்களுக்கு ஒரு பயம் உண்டு. 20 வருடமாகத் தொடரும் பயம். இது ஏன் வருகிறது, எங்கே மாறியிருக்கிறது, எங்கே மாறவில்லை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல்ல, போர்ட்னா என்ன?

ஒரு கருவிக்காக எழுதப்பட்ட கேமை இன்னொரு கருவியில் ஓடும்படி மாற்றி எழுதுவதுதான் 'போர்ட்'. பிளேஸ்டேஷனுக்காக உருவான கேம் பிசிக்கு வருவது இப்படித்தான்.

கன்சோல் என்பது பள்ளி யூனிஃபார்ம் மாதிரி. லட்சக்கணக்கான பேர் வீட்டில் இருக்கும் பிளேஸ்டேஷன் 5 எல்லாமே ஒரே சிப், ஒரே மெமரி, ஒரே கன்ட்ரோலர். ஒரு தடவை அளவெடுத்தால் போதும். பிசி அப்படியில்லை. ஒருவரிடம் ஐந்து வருடப் பழைய கிராபிக்ஸ் கார்டு, இன்னொருவரிடம் நேற்று வாங்கியது. ஒருவருக்கு சாதாரண மானிட்டர், இன்னொருவருக்கு அகலத் திரை. சிலர் கன்ட்ரோலரில் ஆடுவார்கள், பலர் கீபோர்டு, மவுஸில். ஆளாளுக்கு அளவெடுத்துத் தைக்க வேண்டிய வேலை இது. ஜப்பான் நிறுவனங்கள் பல வருடங்களாக யூனிஃபார்மை அப்படியே அனுப்பிவிட்டு, 'போட்டுக்கோங்க' என்று சொல்லிவந்தன என்பதுதான் ரசிகர்களின் குற்றச்சாட்டு.

ஆக்‌ஷன் கேமுக்கு மட்டும் ஏன் இவ்வளவு வலி?

திரையில் நாம் பார்ப்பது வரிசையாக வரும் படங்கள். ஒவ்வொரு படமும் ஒரு 'ஃப்ரேம்'. விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 33 மில்லி விநாடி. 60 என்றால் 16.7 மில்லி விநாடி.

புதிர் கேமில் இது கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பெரிய நஷ்டமில்லை. ஆக்‌ஷன் கேமில் ஃப்ரேம்தான் கரன்சி. எதிரியின் வாள் வரும்போது உருண்டு தப்பிக்கிறீர்கள். அந்த உருளலில் உங்களுக்கு அடி படாத நேரம் என்பது சில ஃப்ரேம்கள்தான். அந்த நேரத்தில் கேம் ஒரு கணம் திக்கினால், நீங்கள் சரியாகத்தான் பட்டனை அழுத்தினீர்கள், ஆனாலும் செத்துப்போவீர்கள். 'நான் தோத்தேனா, கேம் தோத்துச்சா?' என்ற சந்தேகம் வந்துவிட்டால், அந்த வகை கேமின் உயிரே போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கன்சோலில் வேகம் மாறாது என்ற நம்பிக்கையில், கேமின் கணக்குகளையே ஃப்ரேமோடு முடிச்சுப்போட்டு எழுதிவிடுவார்கள். இதற்குச் சரியான உதாரணம் 2014-ல் வந்த 'டார்க் சோல்ஸ் 2'. அதில் ஆயுதங்கள் அடிக்க அடிக்கத் தேயும். பழைய கன்சோல்களில் கேம் 30 ஃப்ரேமில் ஓடியது, பிசியில் 60. விளைவு, பிசியில் ஆயுதங்கள் இரண்டு மடங்கு வேகத்தில் தேய்ந்து உடைந்தன. நல்ல கம்ப்யூட்டர் வைத்திருந்ததற்குக் கிடைத்த தண்டனை. இது திருத்தப்பட்டது 2015 ஏப்ரலில், அதாவது பிசி பதிப்பு வெளியாகி ஒரு வருடம் கழித்து.

23 நிமிடத்தில் வந்த வைத்தியம்

இந்த மொத்தக் கதைக்கும் அடையாளமாகிப்போனது முதல் 'டார்க் சோல்ஸ்'. கன்சோலில் 2011-ல் வந்து பெயர் வாங்கிய கேம் இது. பிசிக்கும் வேண்டும் என்று கேட்டு 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இணையத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனமும் இறங்கிவந்தது. ஆனால், பிசி தங்களுக்குப் பழக்கமில்லாத இடம், வேலை கஷ்டமாக இருக்கிறது என்று வெளியீட்டுக்கு முன்பே அந்தத் தரப்பு பேட்டிகளில் ஒப்புக்கொண்டது.

2012 ஆகஸ்டில் கேம் வந்தது. எவ்வளவு பெரிய மானிட்டர் வைத்திருந்தாலும் கேம் உள்ளுக்குள் 1024க்கு 720 என்ற அளவில்தான் படத்தை வரைந்து, அதை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டியது. 30 ஃப்ரேமில் பூட்டு. கீபோர்டில் ஆடினாலும் திரையில் எக்ஸ்பாக்ஸ் பட்டன்களின் படம்தான் வரும்.

'டுரான்டே' என்ற பெயரில் இயங்கிய ஆஸ்திரியக் கணினி விஞ்ஞானி பீட்டர் தோமன், கேம் வெளியான 23 நிமிடத்தில் ஒரு திருத்தத்தை இலவசமாக வெளியிட்டார். 'டிஎஸ்ஃபிக்ஸ்' என்ற அந்தச் சின்ன நிரலைப் போட்டதும் படம் பளிச்சென்று ஆனது. ரசிகர்கள் எழுதும் இப்படிப்பட்ட நிரல்களை 'மாட்' என்பார்கள். பின்னர் அதே நிரலின் அடுத்த பதிப்பில் 60 ஃப்ரேமும் சாத்தியமானது. அங்கேயும் ஃப்ரேம் முடிச்சு வேலையைக் காட்டியது. தாவும் தூரம் குறைந்தது; ஏணியில் சறுக்கி இறங்கினால் சில சமயம் ஆள் தரையைத் துளைத்துக்கொண்டு விழுந்தார்.

தோமன் பின்னாளில் ஜப்பானின் ஃபால்காம் நிறுவன கேம்களின் பிசி பதிப்புகளில் அதிகாரபூர்வமாகவே வேலை பார்த்தார். வெளியிலிருந்து ஓட்டையை அடைத்தவரை உள்ளே கூப்பிட்டு வேலை கொடுத்ததுதான் இந்தத் துறை எடுத்த புத்திசாலித்தனமான முடிவுகளில் ஒன்று.

ஜப்பானில் ஏன் இப்படி ஒரு பழக்கம்?

'ஜப்பான்காரங்களுக்கு பிசி தெரியாது' என்று சொல்வது சோம்பேறித்தனமான பதில். உண்மை வேறு. ஜப்பானின் கேம் துறை வளர்ந்தது ஆர்கேட் கூடங்களிலும் கன்சோல்களிலும். உள்ளூரில் பிசியில் கேம் ஆடுபவர்கள் குறைவு. அதனால் பிசி பதிப்பு என்பது, கேம் விற்று முடிந்த பிறகு மிச்சம் மீதியை வசூலிக்கும் வழியாக மட்டுமே பார்க்கப்பட்டது. சின்ன பட்ஜெட், வெளி நிறுவனத்திடம் ஒப்பந்தம், பரிசோதிக்க நேரமில்லை.

2007-ல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 4' பிசி பதிப்பு இதற்கு நல்ல சான்று. குறிவைத்துச் சுடுவதுதான் கேமே. ஆனால், மவுஸால் குறிவைக்க முடியாது! பத்து வருடம் கழித்து, 2017-ல் கோயி டெக்மோவின் 'நியோ' பிசிக்கு வந்தபோதும் மவுஸ் வசதி இல்லாமல்தான் வந்தது. அப்புறம்தான் பேட்ச் மூலம் சேர்த்தார்கள். 2021-ல் அதே நிறுவனத்தின் 'நிஞ்ஜா கெய்டன்' தொகுப்பு வந்தபோது, ரெசல்யூஷனை மாற்ற கேமுக்குள் வழியே இல்லை. ஸ்டீமின் செட்டிங்ஸில் போய்க் கட்டளையாகத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது.

இதற்கு நேரெதிரான உதாரணங்களும் ஜப்பானிலேயே இருக்கின்றன. கேப்காமின் 'டெவில் மே க்ரை 4' 2008-லேயே பிசியில் அருமையாக ஓடியது. 2015-ல் கொனாமி வெளியிட்ட 'மெட்டல் கியர் சாலிட் 5' சுமாரான பிசியிலும் வழுக்கிக்கொண்டு ஓடியது. 2009-ல் கன்சோலில் வந்த 'பயோனெட்டா'வை 2017-ல் சேகா பிசிக்குக் கொண்டுவந்தபோது, 4கே வரை ரெசல்யூஷன், சீரான 60 ஃப்ரேம் என்று எல்லாம் சரியாக இருந்தது. ரசிகர்கள் கொண்டாடினார்கள். பிளாட்டினம் கேம்ஸின் அந்தப் பழைய கேம், அதே வருடம் பிசிக்கு வந்த அவர்களுடைய புதிய கேமான 'நியர்: ஆட்டோமேட்டா'வைவிட நல்ல நிலையில் இருந்தது என்பதுதான் வேடிக்கை. நியரில் முழுத்திரையில் ஆடினால் படம் மங்கலாகும் கோளாறு இருந்தது. ரசிகர் ஒருவரின் மாட் சீக்கிரமே வந்துவிட்டது. ஸ்கொயர் எனிக்ஸின் அதிகாரபூர்வத் திருத்தம் ஸ்டீமுக்கு வந்தது 2021 ஜூலையில். நான்கு வருடம்!

திக்கல் எங்கிருந்து வருது?

இன்றைய பிசி பயனர் அதிகம் சொல்லும் வார்த்தை 'ஸ்டட்டர்'. கேம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். புதிய இடத்துக்குள் நுழைந்ததும் அல்லது புதிய மந்திரத்தைப் பார்த்ததும் ஒரு கணம் உறைந்து நிற்கும்.

முக்கியமான காரணம் 'ஷேடர்'. வெளிச்சம், நெருப்பு, தண்ணீர் எல்லாம் எப்படித் தெரிய வேண்டும் என்று கிராபிக்ஸ் சிப்புக்குச் சொல்லும் குட்டி நிரல்கள் இவை. கன்சோலில் சிப் ஒன்றுதான் என்பதால் ஷேடர்களை முன்கூட்டியே தயார்செய்து கேமோடு கொடுத்துவிடலாம். பிசியில் ஒவ்வொரு கார்டுக்கும் தனியாக, உங்கள் வீட்டில்தான் தயாரிக்க வேண்டும். அதை கேம் தொடங்கும் முன்பே செய்து முடித்தால் சில நிமிடக் காத்திருப்போடு போகும். சண்டைக்கு நடுவில் செய்தால் திக்கும். விருந்தாளி இலையில் உட்கார்ந்த பிறகு அரிசி களைவது மாதிரி. 2021 டிசம்பரில் 70 டாலர் விலையில் பிசிக்கு வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக்' இந்தத் திக்கலுக்காகவே திட்டு வாங்கியது.

2022 பிப்ரவரி 25-ல் வந்த 'எல்டன் ரிங்'கிலும் பிசியில் திக்கல். ஃப்ரம்சாஃப்ட்வேர் மன்னிப்புக் கேட்டது. அதே நாளில்தான் வால்வ் நிறுவனத்தின் 'ஸ்டீம் டெக்' என்ற கையடக்கக் கருவியும் விற்பனைக்கு வந்தது. அது லினக்ஸில் ஓடுவது. விண்டோஸ் கேமை மொழிபெயர்த்துத்தான் ஓட்ட வேண்டும். வால்வின் பொறியாளர்கள் அந்த மொழிபெயர்ப்பு அடுக்கிலேயே கேமின் மெமரி சிக்கலுக்கு மருந்து போட்டார்கள். கடைசியில், விலை உயர்ந்த விண்டோஸ் பிசிகளில் திக்கிய கேம், கையடக்கக் கருவியில் திக்கல் குறைந்து ஓடியது. கேமை எழுதியவர்களைவிட, அதை விற்கும் கடைக்காரர் அதிக அக்கறை காட்டிய கதை இது.

திருட்டைத் தடுக்கும் பூட்டும் சில நேரம் வில்லனாகிறது. 2021-ல் 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' கேமைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்குச் சண்டையில் திக்கியது. பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியில் அந்தத் திக்கல் இல்லை! அந்த ஜூலையில், திருட்டுத் தடுப்புத் தொழில்நுட்பத்தைச் சீர்செய்திருப்பதாகச் சொல்லி கேப்காம் பேட்ச் வெளியிட்டது.

இப்போ பிரச்னை இடம் மாறியிருக்கு

2021-லேயே கேப்காமின் தலைமைச் செயல்பாட்டு அதிகாரி ஹருஹிரோ சுஜிமோட்டோ, பிசியை முக்கியத் தளமாக மாற்றப்போவதாகவும், கன்சோலுக்குச் சமமாக பிசி விற்பனையைக் கொண்டுவர விரும்புவதாகவும் சொன்னார். அதாவது, பிசி இனிமேல் மிச்சம் மீதி வசூல் இல்லை. பெரிய கேம்கள் இப்போது கன்சோலில் வரும் அதே நாளில் பிசியிலும் வருகின்றன. மவுஸ் வேலை செய்கிறது. ரெசல்யூஷன் மாற்றலாம். பழைய அலட்சியம் பெருமளவு போய்விட்டது.

அப்படியென்றால் மான்ஸ்டர் ஹண்டரில் என்ன நடந்தது?

கேப்காமின் 'ஆர்இ எஞ்சின்' முதலில் வந்தது 2017-ன் 'ரெசிடென்ட் ஈவில் 7'-ல். குறுகிய அறைகள், நீண்ட தாழ்வாரங்கள். அதில் அந்த எஞ்சின் அட்டகாசமாக ஓடியது. 2019-ன் 'டெவில் மே க்ரை 5' வரைக்கும் பாராட்டுதான். அதே எஞ்சினைப் பரந்த திறந்தவெளி உலகத்துக்கு இழுத்தபோது மூச்சு வாங்க ஆரம்பித்தது. 2024 மார்ச்சில் வந்த 'டிராகன்ஸ் டாக்மா 2'-ல் ஊருக்குள் நுழைந்தாலே வேகம் சரிந்தது. ஒவ்வொரு கதாபாத்திரத்தின் இருப்பையும் அசைவையும் பிராசஸர் கணக்கிடுவதால் சுமை அதிகம் என்று கேப்காம் விளக்கம் கொடுத்தது. உடனே சில ரசிகர்கள் ஊர்க்காரர்களைக் கொன்று ஃப்ரேம் ஏறுகிறதா என்று பார்த்த கூத்தும் நடந்தது.

வைல்ட்ஸில் இன்னும் ஒரு படி மேலே. அந்த கேமுக்கு கேப்காம் பரிந்துரைத்த பிசி அளவிலேயே, 1080பி தரத்தில் 60 ஃப்ரேம் வர 'ஃப்ரேம் ஜெனரேஷன்' ஆன் செய்திருக்க வேண்டும் என்று இருந்தது. இது என்ன? கேம் உண்மையில் வரைந்த இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே, கிராபிக்ஸ் கார்டு ஊகித்து ஒரு ஃப்ரேமைச் செருகுவது. கண்ணுக்கு 60 தெரியும். ஆனால், நீங்கள் பட்டன் அழுத்தியதை கேம் கவனிப்பது உண்மையான ஃப்ரேம்களில்தான். கைக்கு அது 30-தான். அதனால்தான் செருகலுக்கு முன்பே 60 ஃப்ரேம் இருப்பது நல்லது என்று கார்டு தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனமே பரிந்துரைக்கிறது. ஆக்‌ஷன் கேமில் கண்ணைவிடக் கைதான் முக்கியம். கூடுதல் சொகுசாக வந்த ஒரு வசதியை அடிப்படைத் தேவையாக மாற்றியதுதான் இங்கே நடந்த தவறு.

முடியாதா, முக்கியமில்லையா?

மேற்கத்திய நிறுவனங்கள் மட்டும் என்ன யோக்கியமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2015-ல் 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' பிசி பதிப்பை விற்பனையிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. 2023-ல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' பிசியில் வந்தபோதும் பெரிய சொதப்பல். ஆக, இது ஜப்பானின் தனிவியாதி இல்லை.

ஆனால், ஜப்பான் தரப்பில் ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. எல்டன் ரிங் இன்றும் 60 ஃப்ரேமில் பூட்டப்பட்டிருக்கிறது. அகலத் திரை ஆதரவும் இல்லை. 'அந்த நிறுவனத்துக்கு அது வராது போல' என்று நினைத்தால், 2023-ல் அதே ஃப்ரம்சாஃப்ட்வேர் வெளியிட்ட 'ஆர்மர்டு கோர் 6'-ல் 120 ஃப்ரேம், அகலத் திரை இரண்டும் இருந்தன. அடுத்து 2025-ல் வந்த 'எல்டன் ரிங்: நைட்ரெய்ன்' மறுபடி 60-க்கே போனது. திறமை இருக்கிறது. எந்த கேமுக்கு அதைச் செலவழிப்பது என்பது நிர்வாகத்தின் முடிவு. எப்படியும் விற்கும் கேமுக்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்ற கணக்கும் அதில் இருக்கலாம் என்று ரசிகர்கள் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

இதற்கிடையே ரசிகர்களின் பழைய பாதுகாப்பு வலையும் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2012-ல் டிஎஸ்ஃபிக்ஸைப் போட்டுக்கொண்டே ஆன்லைனில் ஆட முடிந்தது. எல்டன் ரிங்கில் 60 பூட்டை உடைக்கும் மாட் போட வேண்டுமென்றால், ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை அணைக்க வேண்டும். அணைத்தால் ஆன்லைன் கிடையாது. 2024 ஜனவரியில் கேப்காம் தன்னுடைய பழைய கேமான 'ரெசிடென்ட் ஈவில்: ரெவலேஷன்ஸ்'-ல் புதிய பூட்டைப் போட, மாட்கள் செயலிழந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றது. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க வேண்டியது அவசியம்தான். ஆனால், ரசிகர்கள் ரிப்பேர் செய்யும் கதவை மூடினால், ரிப்பேர் வேலையை நிறுவனமே நேரத்துக்குச் செய்தாக வேண்டும். நான்கு வருடம் காத்திருங்கள் என்று சொல்ல முடியாது.

வாங்கும் முன் கவனிக்க

* முன்பதிவு வேண்டாம். டிஜிட்டல் பிரதி தீர்ந்துபோகாது. முதல் வார விமர்சனங்களைப் பாருங்கள். குறிப்பாக, உங்களிடம் இருக்கும் கார்டில் ஆடியவர்கள் சொல்வதை.
* இலவச டெமோ, பெஞ்ச்மார்க் இருந்தால் ஓட்டிப் பாருங்கள். வைல்ட்ஸுக்கே வெளியீட்டுக்கு முன்பு இலவச பெஞ்ச்மார்க் கொடுத்தார்கள். அதில் சராசரி எண்ணை மட்டும் பார்க்காமல், சண்டையிலும் ஊருக்குள்ளும் எவ்வளவு சரிகிறது என்று கவனியுங்கள்.
* பரிந்துரைக்கப்பட்ட பிசி அளவில் 'ஃப்ரேம் ஜெனரேஷன்', 'அப்ஸ்கேலிங்' என்ற வார்த்தைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இருந்தால், உண்மையான வேகம் எழுதியிருப்பதைவிடக் குறைவு.
* ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஷேடர் தயாராகும் நேரமும் அந்த 2 மணி நேரத்தில்தான் ஓடும். அதனால் கதாபாத்திரத்துக்கு மூக்கு, முடி திருத்துவதை அப்புறம் வைத்துக்கொண்டு, முதலில் சண்டைக்குப் போய்ப் பாருங்கள்.
* பணத்தைத் திரும்பக் கேட்கும்போது காரணத்தை எழுதுங்கள். 'ஓடவில்லை' என்பதைவிட, எந்த கார்டு, எந்த இடம், எவ்வளவு ஃப்ரேம் என்று எழுதினால் அது பயன்படும்.

பயோனெட்டாவும் மெட்டல் கியரும் காட்டியது போல, ஜப்பான் ஆக்‌ஷன் கேம் பிசியில் பிரமாதமாக ஓடுவதற்கு எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. அதற்கு வேண்டிய நேரத்தையும் ஆட்களையும் கேம் வெளியாகும் முன்பே ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான். 1 கோடி பிரதிகள் முதல் மாதத்திலேயே விற்றுவிட்டால் அந்த அவசரம் நிறுவனத்துக்கு வராது. அடுத்த காலாண்டில் விற்பனை படுத்தால் வரும். அந்தக் கணக்கில் நம்முடைய 2 மணி நேர ரீஃபண்டும் சேர்த்திதான்.